சவரிமுத்துவுக்கு ஒரு மெழுகுவத்தி

ஆரம்பாக்கம்
8.9.2024

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு,

அப்பா மரியதாஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் நீ பேசுவது எனக்குக் காதில் விழுவதில்லை, அதனால் எழுத்துதான். உன் தம்பி ராபின் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறான்.

ஒரு வேலை சொல்கிறேன், முகம் சுளிக்காமல் செய். நான் வயிற்றில் இருக்கும்போது பட்டாளத்தோடு சிங்கப்பூருக்குப் போனார் உன் தாத்தா சவரிமுத்து. ‘காணவில்லை’ என்று ஒரு தந்தி வந்தது, அதோடு சரி. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது நானும் கேட்பேன். என் அம்மா திட்டுவார்: “காணோம்னுதானே சொன்னாங்க? உசுரோட கீற மனுசனுக்கு இன்னாத்துக்குடா மெழுகுவத்தி?”

அம்மா இறந்த பிறகும் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. எண்பத்திரண்டு வயதாகிறது. ஏற்றலாமா கூடாதா என்று தெரியாமலே நானும் போய்விடக் கூடாது. நீ இருக்கிற அந்தச் சிங்கப்பூரில் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறதாமே, போய்ப் பார்த்து எழுது.

அப்பா


சிங்கப்பூர்
6.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. வந்த கடிதமும் வேலை ஏவித்தான் வந்திருக்கிறது, இருக்கட்டும். நான் புறப்பட்ட அன்று நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “சிங்கப்பூர் போனவங்க இன்னா திரும்பியா வந்துட்டாங்க?” என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். எட்டு வருடமாக அந்தப் பேச்சுதான் என்னை ஊருக்கு வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

போனேன் அப்பா. கிராஞ்சி என்ற இடம். வரிசையாக வெள்ளைக் கற்கள், அவற்றில் தாத்தா இல்லை. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைப் பெரிய சுவர்களில் செதுக்கியிருக்கிறார்கள். அதில் இருக்கிறார். வேறு சவரிமுத்துவோ என்று பதிவேட்டையும் பார்த்தேன். ‘வயது 23. ஆரம்பாக்கம் அன்னம்மாளின் கணவர்’ என்று இருக்கிறது. பிப்ரவரி 1942இல் இறந்திருக்கிறார். நீங்கள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு.

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் பெயரை விரலால் தடவினேன். உங்களுக்காகவும் ஒரு தரம் தடவினேன்.

உங்கள் ஏஞ்சலின்


ஆரம்பாக்கம்
3.11.2024

அன்பு மகளே,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்பா இல்லையென்று இந்த வயதில் ஒருவன் அழுதால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ராபின் மனைவி விக்டோரியா ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தாள்.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். “அவரு பேரோட உன் பேரையும் எழுதிக்கீறாங்கம்மா” என்று சொன்னேன். காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது, அணையும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கேட்டவர்களிடமெல்லாம் அப்பா வருகிறாரா என்று பார்க்கிறேன் என்பேன். இன்று காலையும் போய் நின்றேன். அவர் வர மாட்டார் என்று தெரிந்தும் உள்ளே திரும்ப மனமில்லை. அப்போதுதான் புரிந்தது, இந்த எட்டு வருடமும் உனக்காகத்தான் நின்றிருக்கிறேன். உன் பேரைச் சொல்ல ரோஷம், அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி சொல்லிக்கொள்ள அவரும் இல்லை. நீ வா அம்மா.

உன் அப்பா