பயனடைந்தவர் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலிக்கு மாத்திரை போடுகிறாயா? போடுவதாகச் சொல்வாய், நான் நம்பமாட்டேன். நான் நலம்.

இலக்கியம், வரலாறு ஆராயும் எங்களால் ஊருக்கு என்ன பயன் என்று காட்ட இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டமைப்பு தொடங்குகிறார்கள். பயனடைந்த வெளியாள் ஒருவரின் பெயரைப் படிவத்தில் எழுதித்தராவிட்டால் அடுத்த வருடம் வேலை இல்லை. ஆராய்ச்சிக்காகப் பழைய மனுக்களைப் படித்துத்தானே உனக்குத் தெருவிளக்கு மனு எழுதினேன்? உன் பெயரைப் போட்டேன்.

பக்கத்து மேசைக்காரர் ஒரு வாரமாக, "அம்மா எப்படி இருக்காங்க? நம்பர் குடுங்களேன்" என்று குழைந்தார். சந்தேகப்பட்டு நேற்று அவர் படிவத்தை எட்டிப் பார்த்தேன். அவருடைய தாலாட்டு ஆராய்ச்சியால் பயனடைந்தவரும் நீதானாம்!

கேட்டால், "வெளியில எனக்கு வேற யாரையும் தெரியாதுங்க" என்கிறார்.

நம்பர் கொடுத்துவிட்டேன். அவர் பேசினால் ஒரு தாலாட்டு பாடு. ஒன்றுக்கு மேல் வேண்டாம், அந்த ஆளை இன்னும் நான் முழுசாக நம்பவில்லை. நிதானமாகப் பாடு, பக்கத்து மேசையில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவசரத்தில்,
உன் மகள்