சுற்றுகிற சாமானுக்கெல்லாம் பொட்டு

சிவகாசி,
ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அன்புள்ள மகன் மணிகண்டராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் தங்கச்சி சுகிர்தாவும் அச்சாபீஸ் மெஷின்களும் நலம். நீயும் உன் இசைத்தட்டுகளும் நலமா என்று கேட்க வழியில்லை, தட்டுகள் இங்கேதான் இருக்கின்றன, அவற்றின் நலத்தைப் பிறகு சொல்கிறேன். (அண்ணே, அம்மா கை முழுக்க முறுக்கு மாவு, எழுதுவது நான், சுகிர்தா. அடைப்புக்குள் வருவது என் சொந்தச் சரக்கு.) வாட்ஸ்அப்பில் கேட்டால் நீ பதில் போடுவதில்லை, பழசாக இருந்தால்தான் மதிப்பாய் என்று தபாலில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு லீவு இல்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் கிதாரை மடியில் வைத்து ப்ளூஸ் என்று ரெண்டே ரெண்டு சோகப் பாட்டுப் பாடிவிட்டுக் காணாமல்போன யாரோ ஒரு அமெரிக்கக் கிராமத்துக்காரரின் தட்டை மறுபடி வெளியிடுகிறார்கள் என்று லண்டனிலிருந்து ஜெர்மனி போக மட்டும் லீவு கிடைக்கிறதாம். அவர் போட்டோகூட யாரிடமும் இல்லை, அட்டையில் தண்டவாளம்தான் இருக்கிறது. அவர் பெண்டாட்டி பிறந்த ஊர் உனக்குத் தெரியும், உன் பெரியப்பா பேத்தியின் பெயர் தெரியாது. இங்கே காலண்டரில் சாமி மூக்கில் ஒரு புள்ளி விழுந்தால் லோடு முழுசும் திரும்பி வரும், உனக்கு விற்கிறவன் பழைய கீறலைப் புதுத் தட்டிலும் பத்திரமாக ஏற்றி அதற்கும் சேர்த்து விலை போடுகிறான். அவனிடம் தொழில் படிக்க வேண்டும் என்கிறார் அப்பா. அந்தப் பாட்டுக்காரர் அம்மாவை விட்டு ரயிலேறியதை நினைத்து அழுகிறார் என்று போன தடவை நீயே கண்கலங்கிச் சொன்னாய். அந்த அம்மா என்ன பாடினாள் என்று தெரிய வேண்டுமானால் தட்டு வாங்க வேண்டாம், இங்கே வந்தால் போதும்.

இனிப் பதறாமல் படி. அங்கே இடமில்லை என்று நீ அனுப்பிய தட்டுப் பெட்டியை அச்சாபீஸில் வைத்திருந்தோம். நேற்று மெஷின்மேன் பத்திரகாளி கட்டிங் மெஷின், லோடு வண்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக உருவி, இரண்டு பக்கமும் மூன்று விரலால் சந்தனம் இழுத்துவிட்டான். ஏன்டா என்று அப்பா கேட்டதற்கு, சுத்துற சாமானுக்கு வைக்காம விட்டா குத்தம்லா அண்ணாச்சி, தம்பிக்கு ஒரு குறை வந்திரக்கூடாதுல்ல என்றான். தேச்சுக் கழுவிரட்டுமா என்று கையில் தேங்காய் நாரோடு நின்றவனை நான்தான் தடுத்தேன். நீ வந்து உன் கையால் துடைத்துக்கொள். தீபாவளிவரை பொறுப்பேன், அதற்குமேல் நார்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. ஒரு கீறலும் விழாமல் நூறு வருஷம் நீ சுற்றி வர ஆசீர்வாதம். டிக்கெட்டை மறக்காதே.

இப்படிக்கு, உன் சோற்றுத் தட்டைக் கழுவி வைத்திருக்கும் அம்மா,
செல்லக்கனி.

(அண்ணே, அம்மா எண்ணெய் காயவைக்கப் போயிருக்கிறாள். பூஜைக்கு முந்தின நாளே உன் தட்டுகளை என் பீரோவுக்கு மாற்றிவிட்டேன். சந்தனம் பூசிக்கொண்டவை, மைக்செட் வாடகைக்கு விடும் செந்தூர்பாண்டி தூக்கிப்போட வைத்திருந்த பழைய தட்டுகள், நான்தான் வாங்கிவந்து உன் பெட்டியில் அடுக்கினேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது, நீ வரவில்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் அம்மா முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டாள். தட்டு தப்பியது என்று ஜெர்மனிக்குக் கிளம்பிவிடாதே. பீரோ சாவி என்னிடம், நாரும் என்னிடம்.)