நான்கு மாறிகளில் தவறிய கழித்தல் குறி

இன்று பௌர்ணமி. செங்கம் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். எங்கள் கல்லூரிப் பேருந்து நகராமல் நிற்கிறது. ஜன்னல் வழியே கற்பூர வாசனை வந்தது. உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

இந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் உன் ஆராய்ச்சியை எனக்குச் சொன்னாய். பழைய இயக்கச் சமன்பாடுகளில் இடமும் உந்தமும் சோடியாகத்தான் வரும். ஆற்றல் என்ற ஒன்றே இரண்டையும் நடத்தும். மாறிகள் மூன்றானால் நடத்துவதற்கு மாறாத அளவுகள் இரண்டு வேண்டும். இப்படியே எத்தனை மாறிகளுக்கும் கொண்டுபோகலாம் என்று நிறுவ நினைத்தாய். "மூணையும் வரிசையா சுத்தி விடுடி, பிளஸ் மைனஸ் குறி மாறாது. கிரிவலம் மாதிரி, எங்க ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான்" என்றாய். கிரிவலப் பாதையிலேயே வீடு இருக்கும் அடி அண்ணாமலைக்காரி நீ வேறெப்படிச் சொல்வாய்?

அந்தப் பழக்கம்தான் உன்னைக் கவிழ்த்தது. நான்கு மாறிகளை ஓர் இடம் தள்ளிச் சுற்றி வைத்தாலே கழித்தல் குறி வந்துவிடும். வருடக்கணக்கில் மூன்றிலேயே கிடந்த உனக்கு அது கண்ணில் படவில்லை. கருத்தரங்கில் உன் துறைத்தலைவர் எழுந்து, "இவங்க ஊர்ல சுத்தி வந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைப்பு" என்றார். அரங்கமே சிரித்தது. நீயும் சிரித்து வைத்தாய்.

ஊர் திரும்பும் பேருந்திலேயே குறியைத் திருத்திவிட்டாய். நீ நிறுவ நினைத்தது அசையாமல் நின்றது. "நாளைக்கே போய் காட்டுடி" என்றேன்.

"எதுக்கு, இன்னொரு வாட்டி சிரிக்கவா? ஆள விடுடி."

அதோடு படிப்பை விட்டாய். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாய். போன வருடம் காய்ச்சலில் படுத்தவள் எழவில்லை.

துக்கத்துக்கு அந்தத் துறைத்தலைவரும் வந்திருந்தார். உன் அப்பாவிடம், "நல்ல பொண்ணுங்க. கணக்குலதான் கொஞ்சம் அவசரம் ஜாஸ்தி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அன்னிக்கே சரி பண்ணிட்டா சார்."

"அப்படியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. நானே ஜர்னலுக்கு அனுப்பி வெச்சிருப்பேனே" என்றார். பொய் சொல்லும் முகம் இல்லை அது. அரங்கம் சிரித்ததுகூட அவருக்கு நினைவில்லை.

இத்தனை வருடம் அவர்மேல் வளர்த்த கோபம் அங்கேயே உன் பக்கம் திரும்பிவிட்டது. இன்னும் இறங்கவில்லை. உட்கார வைத்து ஒருநாள் முழுக்கத் திட்டினால் இறங்கிவிடும். அதற்கும் நீ இல்லை.