உன் கல்லில் பொறித்த நேரம்

என் தம்பி ஜெரால்டு, கிரீஸ் கையோடு சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து என்னிடம் ஏச்சு வாங்கும் என் செல்ல எருமையே,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அம்மாவும் நானும் மெழுகுவத்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவோம். ஊரே அங்கே கூடியிருக்கும். அத்தனை பேர் நடுவில் உன்னிடம் இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். கோபப்பட வேண்டுமானால் இன்றைக்கே பட்டுவிடு.

உன் கூட்டாளி சுரேஷ் வில்லியனூர் மெக்கானிக் ஷெட்டை இப்போது தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறான். உன் வெள்ளைக் கார் அங்கேதான் நிற்கிறது. அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி வைக்கிறான். சத்தம் கேட்டால் பக்கத்து டீக்கடைக்காரர், "இன்னா, ஜெரால்டு வந்துட்டானா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, அப்புறம் டீ ஆற்றப் போய்விடுவாராம்.

உன் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர், பிறப்பு, இறப்பு, அதற்குக் கீழே 2:21. இரண்டு நிமிஷம் இருபத்தோரு செகண்டு, அந்தச் சின்னக் காரில் ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் டிராக்கை ஒரு சுற்று சுற்ற நீ எடுத்துக்கொண்ட ஆகக் குறைந்த நேரம். சுரேஷ்தான் பிடிவாதம் பிடித்தான். "அவன் ஆசைப்பட்டு சம்பாரிச்சது இது ஒண்ணுதான்க்கா" என்றான். கல்லை மந்திரிக்க வந்த சாமியார், "இது எந்தச் சுவிசேஷம்?" என்று கேட்டார். லூக்கா என்று நான்தான் சொன்னேன். அந்தப் பாவமும் என் தலையில்தான்.

எங்களை எல்லாம் எப்படி ஏமாற்றினாய்! கோயிலுக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக என்று சொல்லித்தான் அந்த எண்ணூறு சிசி பழைய காரை வாங்கி வந்தாய். வந்த வாரமே பின் சீட்டைக் கழற்றினாய். பிறகு ஸ்டெப்னி, ஸ்பீக்கர், ஏசி. கடைசியில் அம்மா கண்ணாடியில் தொங்கவிட்ட ஜெபமாலையைக்கூட விடவில்லை. "வெயிட்டும்மா, ஓட்டம் கொறையும்" என்றாய். உன் தொப்பையை மட்டும் எந்த ஸ்பேனராலும் கழற்ற முடியவில்லை.

என்ஜின் ஹெட்டை லேத் பட்டறைக்குத் தூக்கிப்போய் அடியில் மயிரிழை அளவுக்குச் சீவிக்கொண்டு வந்தாய். அழுத்தம் கூடும், இழுவை கூடும் என்றாய். காற்று போய்வரும் வழியை எல்லாம் எமரி பேப்பரால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாய். பிறகு அடுப்படியில் இருந்த என்னை இழுத்துவந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, நீ பானட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வாய்.

"மிதிக்கா... இன்னும் கொஞ்சம்... ஆங், அங்கயே வைய்யி!"

"டேய், அங்க ஒலை பொங்குதுடா!"

"பொங்கட்டும்க்கா. சத்தத்தக் கேளு."

கேட்டேன். கரகரத்துக்கொண்டே ஏறும் சத்தம் ஓர் இடத்தில் சட்டென்று ஒழுங்காகிப் பாடும். வண்டி முழு பலத்தோடு இழுக்கும் இடம் அதுதான் என்பாய். எத்தனை ஞாயிற்றுக்கிழமைச் சோறு அதில் குழைந்துபோனதோ, அந்த இடம் என் வலது காலுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

உன் முதல் வருஷப் பூசை முடிந்த மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் டிராக் டே, பணம் கட்டினால் யாரும் தன் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். சுரேஷ் வந்து நின்றான். "அக்கா, அவன் காரு ஒரு ரவுண்டு போவணும்க்கா. நீதான் ஓட்டணும். தேர்பவனி மாதிரி மெதுவா போய்ட்டு வா, போதும்."

நீ ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்தானே நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். பூசையில் கொடுத்த உன் நினைவு அட்டையை, உன் படம் என்னைப் பார்க்கிற மாதிரி டாஷ்போர்டில் ஒட்டினோம். உன் ஹெல்மெட் என் தலையில் பானையைக் கவிழ்த்த மாதிரி ஆடியது, உள்ளே துண்டைத் திணித்துக்கொண்டேன். நேரம் பார்க்க சுரேஷ் தன் போனை முன்கண்ணாடியில் மாட்டினான், சும்மா ஒரு ஞாபகத்துக்கு என்று.

முதல் சுற்று தேர்பவனியேதான். அழுதுகொண்டே ஓட்டினேன். அப்போது பச்சைக் காரில் ஒருத்தன் என்னை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனான். எனக்கு வந்ததே கோபம்! என் தம்பி வண்டியையா? அடுத்த சுற்றில் மிதித்தேன்டா. என்ஜினில் அந்தப் பாட்டு வந்தது. மீட்டரைப் பார்க்கவே இல்லை, காது சொல்லச் சொல்லக் கால் கேட்டது. ஒரு வளைவில் பச்சைக்காரனைத் தாண்டினேன். தாண்டியாயிற்று, நிறுத்தியிருக்கலாம் இல்லையா? நிறுத்தவில்லை. இன்னும் சுற்றினேன். வாய்விட்டுச் சிரித்தேன். நீ போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து நிறுத்தியதும் சுரேஷ் போனைக் கழற்றிப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுடா."

2:19. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "அழிச்சிடட்டாக்கா?" என்றான். அப்புறம் அவனே சமாதானமும் சொன்னான். "நீ ஒல்லிக்கா. அவன் வெயிட்டு இன்னா, உன் வெயிட்டு இன்னா."

அப்போதுதான் டாஷ்போர்டைத் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. எந்த வளைவில் விழுந்தாயோ, பக்கத்து சீட்டுக்கு அடியில் குப்புறக் கிடந்தாய். உன்னை நினைக்கப் போன இடத்தில் உன்னைத் தொலைத்ததுகூடத் தெரியாமல் சிரித்திருக்கிறேன். என்னை அறுப்பது அந்த இரண்டு செகண்டு இல்லைடா, இதுதான். அதற்காவது வெயிட்டைக் காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "யாருடி வேகம்? அவனா, நீயா?"

"அவன்தாம்மா. அவன யாரால முந்த முடியும்?"

"பின்ன, எம்புள்ளைன்னா கொக்கா!" என்று முகம் மலர்ந்தாள். அன்றிலிருந்து பால்காரர் வரைக்கும் சொல்லியாகிறது, அக்காவாலேயே அவனை முந்த முடியலையாம் என்று. கேட்கும்போதெல்லாம் எனக்கு மீன்முள்ளை முழுங்கின மாதிரி இருக்கிறது.

செத்துப்போன தம்பியை ஜெயிப்பதெல்லாம் ஒரு ஜெயமா? நீ இருந்திருந்தால் மறுவாரமே ஹெட்டை மறுபடியும் கழற்றியிருப்பாய். "வாக்கா, பாத்துடலாம்" என்று மார்தட்டிக்கொண்டு வந்து நின்றிருப்பாய். பாழாய்ப்போன மஞ்சள்காமாலை உன்னை அதற்கு விடவில்லையே.

நேற்று சுரேஷ் மறுபடி வந்தான். "அக்கா, அடுத்த மாசம் ரேஸ் ஒண்ணு கீது. அவன் ஞாபகார்த்தமா பேரு குடுத்துடட்டா?" அவன் கேட்டு முடிப்பதற்குள் "குடு" என்றுவிட்டேன். ஞாபகார்த்தம்தான் என்று இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். பொய். ராத்திரி படுத்துக்கொண்டே அந்த வளைவுகளை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு உன் முன்னால் வைத்தே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அழுவாள், திட்டுவாள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கல்லில் இருப்பது உன்னுடையது, அதில் யாரையும் உளி வைக்க விடமாட்டேன். ஆனால் அடுத்த மாதம் உன் பேரைச் சொல்லிக்கொண்டு அங்கே போகமாட்டேன். எனக்காகப் போகிறேன். எனக்குப் பிடிச்சிருக்குடா. நீ இல்லாமல் போன பிறகும் எனக்கு ஒன்று பிடித்துப்போயிருக்கிறது. என்னை மன்னிச்சுக்கோ.

திட்டுவதற்கு ஆளில்லாமல் வாயடைத்துக் கிடக்கும்,
உன் அக்கா பிலோ