கித்தோவில் ஒரு கல்லறைத் திருநாள்

மாமல்லபுரம்
12.10.2025

அன்புள்ள மாமாவுக்கு, ஹெலன் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் சாப்பாட்டையும் மழையையும் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் மெயில்.

நம் பிள்ளை சிநேகாவின் கல்லறைக் கல்லுக்குச் சிற்பக்கூடத்தில் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாமி சிலை செதுக்குகிற கை, அவள் பெயரை அவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறது. டெங்குவில் அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று ஊரப்பாக்கம் கல்லறையில் ஃபாதர் ஜெபம் சொல்லிக் கல்லை மந்திரிப்பார். தகப்பன்தான் முதல் கரண்டி சிமெண்டு போட்டுக் கல்லை நிறுத்த வேண்டும் என்பது நம் வழக்கம், உங்களுக்குத் தெரியாததா. மெஷின் மாட்டப் போன மனிதர் அந்த மெஷினுக்கே தாலி கட்டிவிட்டதுபோல எட்டு மாதமாய் அங்கேயே இருக்கிறீர்கள். ஒரு நாளைக்காவது வாருங்கள் மாமா.

ஊரப்பாக்கத்தில் பூட்டிக் கிடக்கும் நம் வீட்டையும் திறக்கலாம். தனியாய்த் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் முடியும்.

உங்கள் ஹெலன்

கித்தோ, ஈக்வடார்
2.11.2025

பிரியமுள்ள ஹெலனுக்கு,

லீவு கிடைக்கவில்லை என்று இரண்டே வரியில் பதில் போட்டதற்கு உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். இங்கேயும் இன்று கல்லறைத் திருநாள்தான். செவ்வாய் வரை ஊரே விடுமுறை. என்னோடு வேலை செய்யும் பூபாலன், அவன் அக்காள் மகள் சடங்குக்கு லீவு வாங்கிக்கொண்டு போன வாரமே ஊருக்குப் பறந்துவிட்டான். அறையில் தனியாய் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

மேடும் பள்ளமுமான ஊர். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நம் மாதிரிக் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இந்த உயரம் ஒத்துக்கொள்ளாது. குன்றின்மேல் இறக்கை வைத்த மாதா நிற்கிறாள். கும்பிட்டேன், என்ன வேண்டுவதென்றுதான் தெரியவில்லை. பழைய நகரத்தில் ஒரு பெரிய தேவாலயம். அதன் சுவரிலிருந்து ஆமை, குரங்கு, உடும்பு என்று கல்லில் எட்டிப் பார்க்கின்றன. மகாபலிபுரத்துப் பாறையில் தவம் செய்யும் பூனையைப் பார்த்து நம் சிநேகா விழுந்து விழுந்து சிரிப்பாளே, அந்த நினைப்பில் ஆமையைக் காட்டக் கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

மத்தியானம், பூவும் கூடையுமாய் ஜனங்கள் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். ஊருக்கு வெளியே ஒரு கல்லறையில் இறக்கிவிட்டான். குடும்பம் குடும்பமாய்ச் சமாதியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நாவல்பழ நிறத்தில் சூடான கஞ்சி, கூடவே குழந்தை உருவத்தில் ரொட்டி. துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை மாதிரி இருக்கிறது, கண்ணும் வாயும் சர்க்கரைப் பாகில் வரைந்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். யாருக்காக வந்தாய் என்று கையால் கேட்டாள். நான் இடுப்புக்குக் கீழே கையை வைத்து உயரம் காட்டினேன். அவள் ஒரு ரொட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். ஹெலன், நான் அழுதுவிட்டேன். ஏங்கி ஏங்கி அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இப்போது மனசு லேசாகியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன். நான் இல்லாமல் இன்று கல்லை நிறுத்தியிருக்க மாட்டீர்கள்; அதுவரை அப்படியே இருக்கட்டும் என்று கோயில் உபதேசியாரிடம் சொல்லிவிடு.

உன் ஜெபக்குமார்

ஊரப்பாக்கம்
4.11.2025

மாமாவுக்கு,

கல்லை நேற்று முன்தினமே நிறுத்தியாகிவிட்டது.

அன்று நல்ல மழை. ஃபாதர் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உபதேசியார் மோசஸ்தான் தயங்கினார். "இன்னாம்மா ஹெலனு, தகப்பன் இல்லாம எப்டிம்மா கல்லு வெக்கறது? வேற ஆம்பள ஆளு யார்னா கீறாங்களா?" என்றார்.

"பெத்தவ நான் கீறன் இல்ல, கரண்டிய குடுங்க" என்றேன். எனக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. ஈரத்தில் சிமெண்டு நழுவியது. இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். கல் நேராய் நிற்கிறது.

நேற்று பூபாலன் அண்ணன் சடங்குப் பலகாரத்தோடு பார்க்க வந்தார். லீவைப் பற்றி நான்தான் கேட்டேன். "கேட்டவொடனே குட்த்தாங்களே தங்கச்சி. ஜெபா கேக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று முழித்தார், பாவம்.

கோபத்தில் இதை எழுதவில்லை. அவள் பெயரைக் கல்லில் பார்க்கப் பயந்தீர்கள். நானும் பயந்துகொண்டேதான் போனேன். இத்தனை மாதத்தில் உங்கள் கண்ணில் ஒரு சொட்டு நீர் பார்த்ததில்லை. இந்த மனுஷனுக்கு மனசே கிடையாதோ என்று நினைத்து நினைத்து உங்களை வெறுத்திருக்கிறேன். மனசு இருந்திருக்கிறது. உங்கள் மெயிலைப் படித்துவிட்டு நானும் அழுதேன். உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்த அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும். ஆனால் நீங்கள் அழ வேண்டிய இடம் என் பக்கத்தில் இருந்தது மாமா. அதை உங்களுக்காகவே காலியாக வைத்திருந்தேன். இனிமேல் வைத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டை இன்று காலை நானே திறந்தேன். உங்கள் துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பூபாலன் அண்ணன் திரும்பும்போது கொண்டுவருவார். கிறிஸ்துமஸுக்கு என்னைப் பார்க்கவென்று வர வேண்டாம். பிள்ளையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். அடக்கத்தன்று நீங்கள் பார்த்த மண்மேடு இப்போது அங்கே இல்லை. பெயரைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிநேகாவின் அம்மா