கேள்வி முடியும்வரை

மார்ச் 3, செவ்வாய்

மாதிரிக் கேள்விகள் இரண்டாயிரத்து நானூறும் இரண்டாம் சுற்று முடிந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. உரிமத் தேர்வை மூன்று தடவைதான் எழுதலாம், இரண்டில் கோட்டைவிட்டாயிற்று. ஏப்ரல் 16 கடைசி. அதிலும் போனால், ஊரில் வாங்கிய பட்டம் இருந்தும் இந்த நாட்டில் நான் டாக்டர் இல்லை. இப்போது போலவே மருத்துவமனைப் பதிவு மேசையில் அடுத்தவர் பெயரை எழுதிக்கொண்டே ஓய்வுபெற வேண்டியதுதான். ஆனாலும் தொண்ணூற்று நான்கு. இன்று தலைகால் புரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

காலையில் என் வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேள்வி வாசித்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர். மருந்துப் பெயர் வந்தால் ஒவ்வோர் எழுத்தாகத் திருகித்தான் கழற்றுவார்.

"முப்பத்தி நாலு வயசு, பெண், தையல் வேலை..."

"மணிக்கட்டுல நரம்பு அழுத்தம்."

"நான் இன்னும் முடிக்கலையே."

"தெரியும், அடுத்தது படிங்க."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எங்க வலிக்குதுன்னே நான் சொல்லல. உனக்கு நோய் தெரியுதா, இல்ல கேள்வி தெரியுதா?"

சிரித்து மழுப்பினேன். பஸ்ஸில் போகும்போது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6

சோதித்துப் பார்த்தேன். நாற்பது கேள்விகளில் நோயாளியின் வயதையும் வேலையையும் அவரை மாற்றச் சொன்னேன். கீழே கொடுத்திருக்கும் ஐந்து விடைகளையும் மறைக்கச் சொன்னேன். நாற்பதில் பத்தொன்பது.

மார்ச் 7

பத்தொன்பது. இத்தனை நாளா என்னத்தப் படிச்சேன்? தையல்காரி என்றால் மணிக்கட்டு, லாரி ஓட்டுநர் என்றால் பித்தப்பைக் கல் — சீட்டெடுக்கும் கிளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

தையல்காரிக் கேள்வியை இன்றுதான் முழுதாகப் படித்தேன். கை ஏன் மரத்துப்போகிறது என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அதற்கு என் விடை சரி. ஆனால் கடைசி வரியில் எடை கூடியிருக்கிறது, குரல் கரகரக்கிறது, எப்போதும் குளிர்கிறதாம். அவளுக்குத் தைராய்டு சுரப்பு குறைவாகத்தான் இருக்கவேண்டும். இரண்டு சுற்றிலும் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அவளை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் எத்தனை பேரை அனுப்பினேனோ. பார்க்கவேண்டும்.

மார்ச் 12

புது முறை. அவர்தான் நோயாளி. நான் புதிதாக வாங்கிய கேள்விப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியைப் படித்துவிட்டு வந்து உட்காருவார். நான் கேட்டால் மட்டும் சொல்லவேண்டும். நடிக்கச் சொன்னால் மனிதர் வெளுத்து வாங்குகிறார்.

"வயித்து வலி எப்போ வருது?"

"எங்க மேனேஜர் மூஞ்சியப் பாத்தா வருது டாக்டர்."

"வயித்து வலிக்கு மாத்திரை எதுவும் போடுறீங்களா?"

"இல்லையே."

கடைசியில் பார்த்தால் தினமும் மூன்று வலிமாத்திரை விழுங்குகிறவராம். அதனால் வந்த குடல்புண். "மூட்டு வலிக்குத்தானே போடுறேன். அத நீங்க கேக்கவே இல்லையே" என்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 13

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட விதம்தான் தப்பு.

மார்ச் 29

புதுப் புத்தகத்தில் எழுபத்தொன்று. தேறுவதற்கு அறுபத்தெட்டு வேண்டும். மூன்றே மூன்றுதான் கூடுதல். ஆனாலும் — இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது — படிக்க நன்றாக இருக்கிறது. எதிரே இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாமல் காது கொடுத்துக் காத்திருப்பதில் ஒரு ருசி. டாக்டருக்குப் படிக்க வந்ததே அதற்காகத்தானோ?

ஏப்ரல் 16

எழுதிவிட்டேன். தெரிந்த கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கடைசி வரிவரை படித்ததில் நேரம் போதாமல் ஏழு கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகக் குறித்தேன். வாசலில் அவர் நின்றிருந்தார். எப்படி என்று கேட்கவில்லை. "பசிக்குதா?" என்றார்.

மே 28

முடிவு இன்று வரவேண்டியது. வரவில்லை. தபால் பெட்டியை மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

ஜூன் 22, திங்கள்

இன்றுமுதல் என் இடம் பதிவு மேசைக்கு எதிர் அறை. கதவில் இன்னும் பழைய டாக்டரின் பெயர்தான் இருக்கிறது.

முதல் ஆள் ஒரு தச்சர், நாற்பத்தொன்பது வயது, முதுகுவலி. அவர் வாயைத் திறந்ததுமே எனக்குப் பதில் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுதும் காது கொடுத்துக் கேட்டேன். பேசினார், பேசினார். பரிசோதித்தேன், மருந்து எழுதினேன், நன்றி சொல்லி எழுந்தார். கதவைப் பாதி திறந்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னொண்ணு இருக்கு டாக்டர். சொல்லணுமான்னு தெரியல."

"கதவச் சாத்திட்டு வந்து உக்காருங்க" என்றேன்.