புறாக்கள் எங்கே போயின என்று கேட்டவருக்கு

அத்தார்,

இன்று காலை கடையைத் திறந்து சஞ்சிகைக் கட்டின் பிளாஸ்டிக் பட்டியை வெட்டியதும், மினுக்குத் தாளின் மை வாசம் குப்பென்று அடித்தது. கட்டின் நடுவில் உங்கள் வேட்டைச் சஞ்சிகை கிடந்தது. ஒரேயொரு பிரதி. நீங்கள் போன பிறகும் அதை நிறுத்தச் சொல்லி நான் விநியோகக்காரரிடம் சொல்லவில்லை. லண்டனின் இந்தக் கோலியர்ஸ் வுட் பக்கத்தில் இதை வாங்க வேறு ஆள் இல்லை. மாதம் முடிய அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அட்டையில் ஒருவன் பட்டாளத்துக்காரன் மாதிரி உடுத்து, முகத்தில் கறுப்புப் பூசி, இருட்டிலும் பார்க்கும் கண்ணாடி பூட்டிய துவக்கோடு குப்புறப் படுத்திருக்கிறான். முயல் சுடப் போகிறானாம். நீங்கள் இருந்திருந்தால், “ஒரு முயலுக்கு இவனுக்கு இவ்வளவு பயமோ?” என்று கேட்டிருப்பீர்கள். கடையில் பால் வாங்க வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்தான் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் மரண அறிவித்தலில் அக்காவின் பிள்ளைகள் ‘அமைதியே உருவானவர்’ என்று போட்டார்கள். அதை வாசித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் அக்காவின் புருஷன் எந்தக் காலத்தில் அமைதியாக இருந்தார்? மாதா மாதம் என் கவுண்டரில் சாய்ந்து நின்று ஒரு சஞ்சிகையோடு சண்டை பிடித்த மனிதரை இப்படியா எழுதுவது?

முதன்முதலில் நீங்கள் அதைக் கடைக்கு வரவழைக்கச் சொன்னபோது நானும் உங்களோடு சண்டைதான் பிடித்தேன்.

“வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுற கடை, அத்தார். செத்த முயல் படமெல்லாம் இதுக்குள்ள வேண்டாம்.”

“உந்தத் தட்டில சிகரெட் இருக்கு, பக்கத்தில விஸ்கி இருக்கு. சாமி அதுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?”

விநியோகக்காரருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அடுத்த மாதம் சஞ்சிகை வந்தது. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, தேத்தண்ணியை ஆறவிட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிப்பீர்கள். நாய்களைப் பற்றிய பக்கம் வந்தால் தனியே சிரிப்பீர்கள். கடைசிப் பக்கத்தில் வயதான ஒரு மனுசி சமையல் எழுதுவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து முயல் சமைத்தீர்கள். அவ வைன் ஊற்றச் சொன்ன இடத்தில் தேங்காய்ப்பால் ஊற்றி, பிறகு எங்கள் எல்லாருக்கும் தீர்ப்புச் சொன்னீர்கள். “மனுசி கெட்டிக்காரி. ஆனா மிளகு போடத் தெரியாது.”

போன வருடம் ஆசிரியர் மாறினார், சஞ்சிகையும் மாறிப்போனது. நாய்கள் போய்விட்டன. சமையல்கார மனுசியும் போய்விட்டா. அந்தப் பக்கங்களில் மணிக்கூடு விளம்பரமும் தொப்பி விளம்பரமும், கண்டறியாத கண்ணாடிகளும் வந்து குந்தின. ஒரு மாதம் இரண்டு பக்கத்துக்கு விரிந்த ஒரு படம் போட்டார்கள். சுட்ட காட்டுப்புறாக்களை வயலில் வரிசை வரிசையாக அடுக்கி, பின்னால் நாலு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே துவக்கின் பெயர் இருந்தது, தோட்டாவின் பெயர் இருந்தது. புறாக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நீங்கள் வன்னிக்காரர். லண்டனில் ஒருநாளும் துவக்குத் தொட்டதில்லை. ஊர் வேட்டையைப் பற்றி அதிகம் பேசுவதுமில்லை. அன்றைக்கு மட்டும் சொன்னீர்கள். உங்கள் பக்கத்தில் இறைச்சியைப் பங்கு போடும்போது, காட்டுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் கை வைப்பார்களாம். “ஒரு உயிரை எடுத்தா, அது எங்க போச்செண்டு சொல்லத் தெரியோணும், மச்சாள். இவங்கள் சொல்லேல்லை. நீ எழுது.”

கம்பியூட்டரின் முன்னால் இருந்து, “‘அன்புள்ள ஆசிரியருக்கு’ எண்டு தொடங்கட்டே?” என்று கேட்டேன்.

“எனக்கு அவனில ஒரு அன்பும் இல்லை. கேள்வியை மட்டும் போடு.”

படத்திலுள்ள புறாக்கள் எங்கே போயின? அவ்வளவுதான் உங்கள் கடிதம். அதைப் போட்டார்கள். பக்கத்திலேயே மற்ற வாசகர்களின் கடிதங்கள். சஞ்சிகை வெறும் விளம்பரக் கடையாகிவிட்டது என்று ஒருவர், இப்போதுதான் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர். அடுத்த மாதம் நோர்போக் நாட்டுப்புறத்திலிருந்து ஒரு கிழவர் உங்களுக்கென்றே எழுதியிருந்தார். லண்டனில் சமையல் புத்தகக் கடைகள் நிறைய உண்டு, அந்த ஆள் அங்கே போகட்டும்; அவரிடம் துவக்கு லைசென்ஸ்கூட இருக்கிறதோ தெரியாது என்று.

நீங்கள் கொதிப்பீர்கள் என்று பயந்து அதை மறைத்து வைக்கப் பார்த்தேன். நீங்களோ கலியாணக் கார்ட் வந்ததுபோல அதை எல்லாருக்கும் காட்டினீர்கள்.

“பார், மச்சாள், என்னை ஏசியிருக்கிறான்! இந்த நாட்டில ஒருத்தரும் என்னை நேரா ஏசினதில்லை. எல்லாரும் சிரிச்சு, சோரி எண்டு சொல்லித்தான் கதவைச் சாத்துவாங்கள். இவன் மனுசன்.”

அந்த மனுசனும் நீங்களும் மாறி மாறி ஏசிக்கொண்டீர்கள். உங்கள் ஏச்சையெல்லாம் நான்தான் ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு சொல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பிறகு இந்த வருட வசந்தம் வந்தது. வன்னியில் போர் முற்றி, உங்கள் தம்பி குடும்பம் எங்கே என்று தெரியாத நாட்கள். தூதரகம், உதவி நிறுவனங்கள் என்று தெரிந்த இடமெல்லாம் போன் எடுத்தீர்கள். எல்லா இடத்திலும் பெயரைக் குறித்துக்கொண்டு, பிறகு சொல்லுகிறோம் என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சஞ்சிகைக்காரர், புதிய மாற்றங்கள் பற்றி வாசகர்களின் கருத்தைக் கேட்க நகரத்தில் ஒரு பப்பின் மேல்மாடியில் கூட்டம் வைத்தார்கள். நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கென்ன விசரே, அத்தார்? அங்க ஊர் எரியுது. நீங்கள் புறாவுக்கு ஞாயம் கேக்கப் போறியளோ?”

“அங்க கேக்கிறதுக்கு ஒருத்தனும் பதில் சொல்லுறானில்லை. இங்கயாவது ஒருத்தன் சொல்லட்டும்.”

கடையைப் பூட்டிவிட்டு உங்களோடு ரெயின் ஏறினேன்.

ஆசிரியர் சின்னப் பெடியன்தான், நல்ல சிரிப்பு. எல்லாருக்கும் தலையாட்டினான். நீங்கள் எழும்பி அந்தப் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். மிக நல்ல கேள்வி என்றான். நேரம் போதவில்லை, எழுத்தில் பதில் தருகிறோம் என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் கதிரையில் இருக்கவில்லை. படத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தீர்கள். அவன் உங்களைத் தாண்டி அடுத்த ஆளைக் கைகாட்டினான். “அவருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போ,” என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். நீங்கள் என் கோட்டைப் பிடித்து இழுத்தீர்கள். அந்தப் பின்வரிசைச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

வைகாசியில் போர் முடிந்த பிறகு நீங்கள் கடைக்கு வந்தாலும் சஞ்சிகையைத் திறக்கவில்லை. ஊரிலிருந்து வந்த படங்களை இன்ரநெற்றில் பார்த்திருந்தீர்கள். “வரிசையா அடுக்கின படம் இனி எனக்குக் காட்டாதை,” என்று மட்டும் சொன்னீர்கள். ஆவணியில் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. பெடியனின் பதிலும் வரவில்லை, உங்கள் தம்பியைப் பற்றிய பதிலும் வரவில்லை.

இன்று காலை, திருப்பி அனுப்பத்தானே போகிறேன் என்று வாசகர் பக்கத்தைப் புரட்டினேன். நோர்போக் கிழவர் எழுதியிருக்கிறார்.

லண்டன்காரரின் சத்தத்தைக் காணோம், களைத்துவிட்டாரா என்று கேட்கிறார். இந்தப் பருவம் தான் சுட்ட புறாக்களில் இரண்டைப் பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கொடுத்தாராம், மிச்சத்தை மனைவி ஸ்டூ வைத்தாவாம். இதோ பதில், இனியாவது அந்த மனிதர் என்னைக் கரைச்சல்படுத்தாமல் இருக்கட்டும் என்று முடித்திருக்கிறார்.

கவுண்டருக்குப் பின்னால் குந்தியிருந்து அழுதேன், அத்தார். பிறகு அந்தக் கிழவரில் கோபம் வந்தது. இதை ஒரு ஆறு மாதத்துக்கு முன்னமே எழுதித் தொலைத்திருந்தால் என்ன?

இந்த மாதச் சஞ்சிகையைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. பதில் அடித்துவிட்டேன். அவர் ஆவணியில் காலமானார், உங்கள் பதில் அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அடுத்த முறை ஸ்டூவுக்கு மிளகு போடச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அதற்குக் கீழே ஆசிரியருக்கும் ஒரு வரி. புறாக்கள் எங்கே போயின? என் சொந்தப் பெயரைப் போட்டு, கடை விலாசத்தையும் போட்டேன்.

உங்கள் தம்பியைப் பற்றியும் இப்போது நான்தான் கேட்கிறேன். அக்காவுக்குக் கேட்கத் தைரியமில்லை. நீங்கள் போன் எடுத்த அதே இடங்களுக்குக் கிழமைக்குக் கிழமை எடுக்கிறேன். குறித்துக்கொண்டோம், பிறகு சொல்லுகிறோம் என்கிறார்கள். நான் போனை வைப்பதில்லை. எழுதியும் அனுப்புகிறேன். ஒன்றையும் ‘அன்புள்ள’ என்று தொடங்குவதில்லை.